வெள்ளிக்கிழமை கார்புரேட்டர்

காலைச் சித்தெ அக்கட்டால வெச்சுக்குங்க தம்பி. அந்தப் பை மேல பட்டுறப் போகுது. இல்லீங்க, ஒடையற சாமானில்ல. ஒடஞ்சாலும் எனக்கு வருத்தமில்ல, அதை ஒடைக்கறக்குத்தான் கொண்டு போறேன். உங்க காலுக்கு ஆகாதுன்னுதான் சொன்னேன். பாவம் புடிச்ச சாமானுங்க அது. நாத்தம் வருதுங்களா? பெட்ரோலுங்க. கண்டக்டரும் ரெண்டு தடவை மோந்து மோந்து பாத்துட்டுப் போயிட்டாரு. கேட்டா கருவாடுன்னு சொல்லிக்கலாம், உடுங்க.

கார்புரேட்டருங்க. அம்பாசடர் வண்டியோட கார்புரேட்டர். நீங்க பாத்திருக்கீங்களா? இல்லியா? அட என்னுங்க நீங்க. பெட்ரோலையும் காத்தையும் அளவாக் கலந்து இஞ்சினுக்கு ஊட்டி உடறது இதுதான். பெட்ரோல் எச்சாப் போனாலும் வண்டி நிக்கும், காத்து எச்சாப் போனாலும் வண்டி நிக்கும். இந்தச் சனியன் எச்சாவும் போகல, கம்மியாவும் போகல. என்ர குடும்பத்தக் கெடுக்கறக்குன்னே வண்டிய நிறுத்துச்சுங்க.

நீங்களும் காங்கயம் தானுங்களா? நல்லதாப் போச்சு. தாராபுரமே இப்பத்தான் தாண்டியிருக்குது. சொல்லறேன், கேளுங்க. நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க.

எம்பேரு நாச்சிமுத்துங்க. உடுமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரு. நாலு ஏக்கரா தென்னந்தோப்பு, ஒரு ஊடு, ஒரு அம்பாசடர். எழுவத்தெட்டாம் வருசத்து வண்டிங்க, எங்கப்பன் வாங்குனது. அதைக் குடுத்துட்டுச் சின்னக் கார் ஒண்ணு வாங்குங்கன்னு ஊரே சொல்லிப் பாத்துருச்சு. மாட்டேன்னுட்டேன். சின்னக் கார்ல எறங்கறக்கே ஒருத்தரு கையப் புடிச்சு இழுக்கோணும். அம்பாசடர்ல அப்பிடியா? நாற்காலியில உக்காந்து ஊரச் சுத்திப் பாக்கற மாதர இருக்கும்.

போன வைகாசியில பழைய கார்புரேட்டர் தேஞ்சு போச்சுங்க. என்ர மச்சினன் சென்னியப்பன் காங்கயத்துல ஒர்க் ஷாப் வெச்சிருக்கறான். என்ர ஊட்டுக்காரி மயிலாத்தாளோட ஒரே தம்பி. பழைய வண்டின்னா ஈரோட்ல இருந்து கூட அவனைத் தேடி வருவாங்க. அவன் வந்து பாத்துட்டு, "மாமா, கம்பெனி கார்புரேட்டர் இனி எங்க தேடுனாலும் கெடைக்காது. வெளியில பண்ற சாமான் ஒண்ணு இருக்குது. நல்லாத்தான் இருக்கும், நான் பொறுப்பு"ன்னான். நான் பொறுப்புன்னு அவன் வாயால சொன்னானுங்க. அதை ஞாபகத்துல வெச்சுக்குங்க.

மாட்டுனான். வண்டி பூனையாட்டம் சத்தமில்லாம நிக்குது. மயிலாத்தாளுக்கு வாயெல்லாம் பல்லு. தம்பி கைபட்ட வேலை, கண்ணு பட்றக்கூடாதுன்னு சொல்லி, சந்தனத்தக் கொழச்சு எடுத்துட்டு வந்து, லைட்டுக்கு ஒரு பொட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, பின்னால போயி பெட்ரோல் மூடிக்கு ஒரு பொட்டு. நான் கேட்டேன், எல்லாஞ் சரி, மூடிக்கு எதுக்குடின்னு. "அது வழியாத்தான வண்டி சோறு திங்குது. வாய உட்டுட்டு ஒடம்புக்கு மட்டும் வெப்பாங்களா?"ன்னா. அவ வெக்கற பொட்டு உங்க பொட்டு என்ர பொட்டு மாதர இல்லீங்க. அடை தட்டற மாதர தட்டுவா. அன்னையிலருந்து வெள்ளிக்கெழமை தவறாம வெடியால எந்திரிச்சு, தலைக்குத் தண்ணி வாத்து, வண்டிக்குப் பொட்டு வெச்சு, என்னைய மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பி உடுவா. அவளுக்கு முட்டி வலி, வரமாட்டா. வாசப்படியில நின்னு வண்டி மறையற வரைக்கும் பாத்துட்டு நிப்பா.

மொதல் வெள்ளிக்கெழமை. ஊட்ல இருந்து சரியா பதினாலு கிலோமீட்டருங்க. ஒரு மேடு வரும், மேட்டு மேல ஒரு ஓட்டு வீடு, முன்னால ஒரு வேப்ப மரம். அங்க போனதும் வண்டி ரெண்டு இழுப்பு இழுத்துச்சு, மூணாவது இழுப்புல நின்னுருச்சு. எறங்கிப் பாக்கறேன். வயர் இருக்குது. பேட்டரி இருக்குது. பெட்ரோல் இருக்குதான்னு மூடியத் தொறந்து குச்சி உட்டுப் பாக்கறேன், எங்க வண்டியில முள்ளு வேலை செய்யாதுங்க, குச்சிதான். பெட்ரோல் அரை டேங்க் கெடக்குது. மூடியப் போட்டுட்டு நின்னேன். அப்பறம் சாவியப் போட்டா ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது! ஒண்ணுமே நடக்காத மாதர கோயிலுக்குப் போயி, திரும்பி ஊட்டுக்கும் வந்துருச்சு.

ரெண்டாவது வெள்ளிக்கெழமை, அதே மேடு. அதே ஓட்டு வீடு. நடுவுல திங்கள், செவ்வா, புதன் எங்க போனாலும் நிக்கலீங்க. பொள்ளாச்சிக்குப் போயிட்டு வந்தேன், நிக்கல. பழனிக்குப் போனேன், நிக்கல. வெள்ளிக்கெழமை மட்டும். அந்த வீட்டு முன்னால மட்டும். ஒரு இரும்புச் சாமானுக்குக் கெழமை தெரியுமுங்களா? இதுக்குத் தெரியுமுங்க.

அந்த வீடு யாரோடதுன்னு இன்னும் சொல்லலையில்ல. கோகிலவாணி டீச்சரோடதுங்க. ரிட்டயர்டு தமிழ் டீச்சர். அவங்களும் காது கேக்காத அவங்க அக்காளும் மட்டும்தான் இருக்கறாங்க. நல்ல குடும்பம். எனக்கு எப்பிடித் தெரியும்னா, முப்பத்தோரு வருசத்துக்கு முந்தி அவங்களைத்தான் எனக்கு மொதல்ல பொண்ணு பாத்தது. போயி பஜ்ஜி தின்னுட்டு வந்தோம். ஜாதகம் பொருந்தல. அவ்வளவுதானுங்க கதை. அப்பறம் மயிலாத்தாளைப் பாத்தோம், பொருந்துச்சு, பண்ணியாச்சு. அதுல ஒண்ணுமில்லீங்க. நான் மறந்தே போயிட்டேன். பச்சைக் கலர் பட்டு கட்டியிருந்தாங்க, அது மட்டும் ஞாபகம் இருக்குது.

மூணாவது வாரம் நின்னப்ப டீச்சரே வெளிய வந்துட்டாங்க. "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க"ன்னாங்க. மனுசன் வெயில்ல நிக்கறப்ப வேண்டாம்னு சொல்ல முடியுமுங்களா? உக்காந்தேன். மோர் கொண்டாந்தாங்க. அந்த மோரு இருக்குதே தம்பி, கருவேப்பலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, மாங்கா இஞ்சிங்க, சாதா இஞ்சி இல்ல, மேல துளி பெருங்காயம். சொம்பு நெறைய. நான் மோருக்காகச் சொல்லலீங்க. கார்புரேட்டரப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கறேன்.

டீச்சரும் அதைத்தான் கேட்டாங்க. "கார்புரேட்டர்னா என்னுங்க? எனக்கு வெளங்கற மாதரச் சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். ஜெட்டு, ஃப்ளோட்டு, சோக்கு எல்லாத்தையும் ஒவ்வொண்ணாச் சொன்னேன். முக்கா மணி நேரம் கேட்டாங்க. நடுவுல சந்தேகம் வேற கேட்டாங்க! முப்பது வருசமா எங்க ஊட்ல வண்டியப் பத்தி நான் வாயத் தொறந்தா, "செரி செரி, பருப்பு வேகுது"ன்னு எந்திரிச்சுப் போயிருவா. சும்மா சொல்றேன், கொறையாச் சொல்லல.

அதுக்குத்தான் சிங்காரிச்சுட்டுப் போனீங்களான்னு கேக்காதீங்க, வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போறவன் சட்டையத் தேச்சுப் போடாம போவானுங்களா?

அப்பறம் என்ன பண்ணுனேன்னு கேட்டீங்களா? சென்னியப்பனைக் கூப்பிட்டேன். ஒருக்கா இல்ல, மூணு தடவை வந்தான். எப்ப வருவான்? ஞாயித்துக்கெழமை வருவான். நான் சனிக்கெழமை பங்க்ல பெட்ரோல் போடறது வழக்கம். பங்க்காரரு மூடியத் தொடச்சு, கண்ணாடியத் தொடச்சு, வண்டிய மாப்பிள்ளையாட்டம் ஆக்கி உட்டுருவாரு. ஞாயித்துக்கெழமை சென்னியப்பன் வந்து ஓட்டிப் பாத்தா வண்டி எங்க நிக்குது? மொதல் தடவை ஜெட்டக் கழட்டி காத்தடிச்சான். ரெண்டாவது தடவை ஃப்ளோட்ட அரை நூலு எறக்குனான். பெட்ரோல் பம்ப்பு, ஃபில்டரு, டியூபு எல்லாத்தையும் மாத்துனான். வெள்ளிக்கெழமை ஆனா நிக்குது. நான் போனப் போட்டு, "மாப்ள, உன்ர டூப்ளிகேட் மறுபடியும் நின்னுருச்சு"ம்பேன். "எங்க மாமா நின்னுது?"ம்பான். நான் என்ன சொல்றது? மேட்டுலன்னு சொல்லுவேன். மேட்டுலதானுங்க நின்னுது!

வேற ரோட்ல போயிருக்கலாமில்லன்னுதான கேக்கறீங்க? போயிருக்கலாமுங்க. வாய்க்கா ரோடு ஒண்ணு இருக்குது. மூணு கிலோமீட்டர் சுத்து. பெட்ரோல் விக்கற வெலையில எவன் சுத்துவான்?

ஆடி மொதல் வெள்ளி. வழக்கம் போல நின்னுது. நான் பெட்ரோல் மூடியத் தொறக்கறேன், டீச்சர் மோரோட பக்கத்துல நிக்கறாங்க. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். எப்பவும் வர்றதுதான், நான் கண்டுக்க மாட்டேன். டீச்சர் மூடிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "ஏனுங்க, மூடி நடுவுல ஒரு பொடி ஓட்டை இருக்குது. அது காத்து போறக்கு இல்லீங்களா? மண்ணெண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் கொட்டாதே, மேல இன்னொரு ஓட்டை போட்டாத்தான கொட்டும்? இந்த ஓட்டையச் சந்தனம் அடைச்சிருக்குது. உள்ள காத்து போகாம பெட்ரோல் எறங்க மாட்டீங்குது. வெயில் ஏறுனா சந்தனம் காஞ்சு வெடிச்சுரும், அப்பறம் வண்டி ஓடுது"ன்னு சொன்னாங்க.

நான் சிரிச்சுட்டேன். தமிழ் சொல்லிக் குடுக்கற டீச்சருக்கு வண்டியப் பத்தி என்னுங்க தெரியும்? முப்பது வருசம் ஒர்க் ஷாப் வெச்சிருக்கறவனுக்குத் தெரியாதது மண்ணெண்ணெய் டின்ன வெச்சுக் கண்டுபுடிக்கற சமாச்சாரமா?

என்னுங்க? தொடச்சுப் பாத்தீங்களான்னா? அந்த ஜன்னலைச் சித்தெ சாத்துங்க தம்பி, காத்து மொகத்துல அடிக்குது. எங்க உட்டேன்? ஆமா, மயிலாத்தா.

அவ சந்தேகப்படற சாதி இல்லீங்க. நானாத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தேன். கார்புரேட்டர் சரியில்ல, கார்புரேட்டர் சரியில்லன்னு வெள்ளிக்கெழமை பொழுதோட வந்து பொலம்புவேன். புரட்டாசி ரெண்டாவது ஞாயித்துக்கெழமை சென்னியப்பன் மூணாவது தடவையா வந்தான். கார்புரேட்டர முழுசாப் பிரிச்சு, பேப்பர் மேல பரப்பி, அவுங்க அக்கா முன்னாடியே சொன்னான். "மாமா, நீங்க ஊரெல்லாம் டூப்ளிகேட் டூப்ளிகேட்டுன்னு சொல்லறீங்க. ரெண்டு கஸ்டமரு எனக்குப் போன் பண்ணி, உங்க சாமான் வேண்டாம்னுட்டாங்க. ஆனா சத்தியமாச் சொல்றேன், இந்தக் கார்புரேட்டர்ல வண்டி நிக்கறக்கு ஒரு காரணமும் இல்ல."

மயிலாத்தா காப்பி டம்ளரை வெச்சுட்டு மெதுவாக் கேட்டா. "அப்ப எதுக்கு நிக்குது? எங்கதான் நிக்குது?"

நான் மேடுன்னேன். "மேட்டுல என்ன இருக்குது?"ன்னா. வேப்ப மரம்னேன். "வேப்ப மரத்துக்குப் பொறத்தால?"ன்னா.

பாத்தீங்களா ஞாயத்த? கார்புரேட்டர் கெட்டுருக்குதுன்னா நான் நல்லவன். கார்புரேட்டர் நல்லாருக்குதுன்னா நான் கெட்டவன். ஒரு கையகல இரும்பு மேல என்ர மானமே உக்காந்துட்டிருக்குது! அன்னைக்கே அவ தம்பியோட வண்டியேறிக் காங்கயம் போயிட்டா. சண்டை போட்டுட்டுப் போனாப் பரவால்லீங்க. சாம்பார இறக்கி வெச்சுட்டு, கதவுக்குப் பின்னால என்ர மாத்தரை எங்கிருக்குதுன்னு காட்டிக் குடுத்துட்டுப் போனா. அதுதான் எனக்குத் தாங்கல.

ஒறம்பரையெல்லாம் கூடிட்டாங்க. அவ பக்கம் மூணு பேரு, என்ர பக்கம் மூணு பேரு. எங்க ஊட்டு ஆசாரத்துல, முன்கூடத்துல, நடுவுல ஒரு தட்டு, தட்டுல இந்தக் கார்புரேட்டர். எல்லாரும் சுத்தி உக்காந்து அதையே பாக்கறாங்க. சென்னியப்பன் ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டறான், இதுல பெட்ரோல் வரும், இதுல காத்து வரும்னு. அவளோட பெரியப்பா ஒருத்தரு, கண்ணாடிய மூக்கு மேல ஏத்திப் பாத்துட்டு, "எல்லாஞ் செரி மாப்ள, இதுக்குள்ள வெள்ளிக்கெழமை எங்க இருக்குது?"ன்னாரு. ஒருத்தரும் சிரிக்கலீங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிட்டேன்.

கடைசியில ஒரு முடிவு பண்ணுனாங்க. வர்ற வெள்ளிக்கெழமை எல்லாரும் அந்த வண்டியிலயே ஏறறது. அந்த மேட்டுல வண்டி நின்னா கார்புரேட்டர் மேல குத்தம், சென்னியப்பன் மன்னிப்புக் கேட்டு அக்காளக் கொண்டாந்து உடோணும். நிக்கலீன்னா குத்தம் என்ர மேல.

வெள்ளிக்கெழமை வந்துச்சு. வண்டிக்குப் பொட்டு வெக்கறக்கு மயிலாத்தா ஊட்ல இல்ல. நானு, சென்னியப்பன், ஒறம்பரை ஆறு பேரு, மொத்தம் எட்டுப் பேரு அம்பாசடர்ல. பெரியப்பா என்ர மடிமேல பாதி உக்காந்திருக்கறாரு. மாரியாத்தா, இத்தனை நாள் நின்னதப் பெருசா நெனைக்கல, இன்னைக்கு ஒரே ஒருக்கா நிறுத்திரு தாயேன்னு வேண்டிட்டே ஓட்டறேன். வண்டி ஓடறக்கு வேண்டுனவன உலகத்துல பாத்திருப்பீங்க, நிக்கறக்கு வேண்டுனவன் நான் ஒருத்தன்தான். பன்னெண்டு கிலோமீட்டர். பதிமூணு. மேடு ஏறுது. எட்டுப் பேரு பாரத்தோட அப்பிடியே பட்டாட்டம் ஏறுதுங்க! ஒரு இழுப்புக் கூட இல்ல. வேப்ப மரத்துக்கு நேரா வந்தா, டீச்சர் வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கறாங்க. கையில சொம்பு.

வண்டி நிக்கல. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்குது. எட்டுத் தலையும் ஒண்ணாத் திரும்பிப் பாத்துச்சுங்க. நான் ஓட்டறவன், நானும் பாத்தேன். டீச்சர் சொம்ப வெச்சுக்கிட்டுப் பேந்தப் பேந்த முழிக்கறாங்க. பெரியப்பா கேட்டாரு, "சொம்புல என்ன மாப்ள?" மோருன்னு என்ர வாயே சொல்லிருச்சு. அதை எப்பிடித் தெரியும்னு அவரு கேக்கலீங்க. கேட்டிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும்.

அதான் தம்பி, நேத்து கார்புரேட்டரக் கழட்டிட்டேன். நாலு பேரு இருக்கறப்ப நல்ல புள்ளையாட்டம் நடிக்கற சாமான நம்பக்கூடாதுங்க. சென்னியப்பன் ஒர்க் ஷாப் முன்னால ஒரு பட்டடைக் கல்லு கெடக்குது. அதுல வெச்சு, மயிலாத்தா கண்ணு முன்னால ஒரே போடு. "இந்தா, இதான் நம்மளப் பிரிச்சது, தீந்துச்சு, வா போலாம்"னு கூட்டிட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். அவ இல்லாம ஊடு ஊடா இல்லீங்க. மூணு வாரமாச் சோறு வடிக்கறேன், கொழஞ்சு போகுது. கொழஞ்சு போச்சுன்னு சொல்றக்குக் கூட ஆளில்ல. ஊதியூர் மலை தெரியுது பாருங்க. வந்துருச்சு.

இருங்க, போன் அடிக்குது. அட! அவதானுங்க! மூணு வாரத்துல இதான் மொதல் போன்.

அலோ... மயிலு... ஆமா, வந்துட்டிருக்கறேன். பஸ்ஸுல. ஊதியூர்... யாரு வந்திருக்கறாங்க? எங்க, அங்கயா? உங்க ஊட்டுக்கா?... எப்ப வந்தாங்க?... ம்... ம்... பாத்தியா! பாத்தியா மயிலு! நான் சொல்லல? என்ர மேல ஒரு தப்பும் இல்ல! உன்ர பொட்டுதான்! நீ வெச்ச பொட்டுதான் வண்டிய நிறுத்திருக்குது! சென்னியப்பன் சிரிக்கறானா? சிரிக்கட்டும், சிரிக்கட்டும். கெளம்பி ரெடியா இரு, நான் வந்து... என்ன?... எப்பச் சொன்னாங்கன்னா?... ஆடியில... ஆமா, மொதல் வெள்ளி... மயிலு... இல்ல... நான் சொல்றதக் கேளு... ம்... ம்... செரி.

வெச்சுட்டாளுங்க.

டீச்சர் வந்திருக்கறாங்க தம்பி. சண்டை சமாச்சாரம் எப்பிடியோ காதுல உழுந்து, வெடியால பஸ் ஏறிக் காங்கயம் போயி, விசாரிச்சு, மயிலாத்தா முன்னால உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. என்னால ஒரு குடும்பம் கெட்டுறக்கூடாதுங்கம்மான்னு, மூடி, ஓட்டை, சந்தனம், மண்ணெண்ணெய் டின்னு, ஒண்ணு உடாமச் சொல்லிட்டாங்க. நல்ல மனசுங்க அவங்களுக்கு. உங்க வீட்டுக்காரருகிட்ட ஆடி மொதல் வெள்ளியே சொல்லிட்டேனேன்னு அதையும் சேத்துச் சொல்லிட்டாங்க.

மயிலாத்தா கத்தல. கத்தியிருந்தாச் சமாளிச்சிருப்பேன். "நீங்க நல்லபடியாப் போயிட்டு வரோணும்னுதானுங்க வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அந்தப் பொட்ட வெச்சேன்"னா. "மொதல்ல நின்னது என்ர பொட்டால. ஒத்துக்கறேன். ஆடி மொதல் வெள்ளிக்கு அப்பறம் எத்தனை வெள்ளிக்கெழமை நின்னுதுன்னு எண்ணிட்டு வாங்க. எண்ணிட்டு வந்து, ஊட்டுக்குள்ள வாங்க"ன்னா.

நீங்களும் கூட எண்ணுங்க தம்பி, எனக்குக் கணக்கு நிக்காது. ஆடியில அஞ்சு வெள்ளி வந்துச்சு, மொதலக் கழிச்சா நாலு. ஆவணி நாலு. எட்டா? புரட்டாசியில அவ போறக்கு முந்தி ரெண்டு. பத்துங்க. பத்து வெள்ளிக்கெழமை.

நீங்க அப்பவே கேட்டீங்க, தொடச்சுப் பாத்தீங்களான்னு. பாத்தனுங்க. ஆடி ரெண்டாவது வெள்ளி. ஊரத் தாண்டி வண்டிய ஓரங்கட்டி, மூடியில இருந்த சந்தனத்தத் துண்டுல தொடச்சுட்டுத்தான் போனேன். மேடு வந்துச்சு. வண்டி நிக்கல. நல்லா ஓடுது. வேப்ப மரத்தத் தாண்டி ஒரு இருவது அடி போயிட்டேன். கண்ணாடியில பாக்கறேன், டீச்சர் சொம்போட வெளிய வர்றாங்க.

சாவியத் திருப்பி நானே நிறுத்தீட்டனுங்க.

எறங்கி, பானட்டத் தூக்கி, கார்புரேட்டரத் திட்டுனேன். போயி உக்காந்தேன். அதுக்கப்பறம் நான் மூடியத் தொடைக்கவே இல்ல. அவ வெச்சு அனுப்புவா, நான் பாட்டுக்குப் போவேன். தப்பா ஒண்ணும் நெனைக்கல தம்பி, மாரியாத்தா மேல சத்தியமா. உக்காருங்கன்னு ஒருத்தரு சொல்லறாங்க. அப்பறம் என்னாச்சுன்னு கேக்கறாங்க. இந்த வயசுல அது எவ்வளவு நல்லாருக்குதுன்னு உங்களுக்குச் சொன்னாத் தெரியாது. நீங்களும் தாராபுரத்துல இருந்து கேட்டுட்டு வர்றீங்க, உங்களுக்கு அது பெருசாத் தெரிஞ்சிருக்காது. இதை மயிலாத்தாகிட்டச் சொன்னா அவளே மோர் ஊத்திக் குடுத்துட்டு உக்காந்து கேட்டிருப்பாளோ என்னமோ. நான் சொல்லவே இல்லியே. சென்னியப்பனுக்கு ரெண்டு கஸ்டமர் போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போயிருக்காது.

காங்கயம் வந்துருச்சுங்களா? எறங்கறேன். கேட்டா பத்துன்னுதான் சொல்லோணும். ஒம்பதுல வண்டி நின்னுது, ஒண்ணுல நான் நிறுத்துனேன்னு சேத்துச் சொல்லோணும். உள்ள உடறாளோ, வாசல்லயே நிக்க வெக்கறாளோ. நிக்கறேன்.

அந்தப் பையை எடுத்துக் குடுங்க தம்பி. அடியில கையக் குடுத்து எடுங்க. மெதுவா, மெதுவா, கம்பியில இடிச்சுறப் போகுது. நல்ல கார்புரேட்டருங்க அது. அது மேல ஒரு குத்தமும் இல்லீங்க.